வசைக்கு வாக்கு, வசைக்குக் காசு: அமெரிக்க அரசியல் பேச்சின் சரிவு

2009 செப்டம்பர் 9ஆம் தேதி இரவு, மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றி அதிபர் பராக் ஒபாமா அமெரிக்கக் காங்கிரசின் இரு அவைகளின் முன்னால் பேசிக்கொண்டிருந்தார். அனுமதியின்றிக் குடியேறியவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது என்று அவர் சொன்னதும், தென் கரோலினாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜோ வில்சன் அது பொய் என்று உரக்கக் கத்தினார். அதிபர் பேசும் கூட்டு அமர்வில் பிடித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள், பிடிக்காதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முகத்துக்கு நேரே கத்தும் வழக்கம் கிடையாது. வில்சன் அன்றிரவே வெள்ளை மாளிகையைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். ஆறு நாள் கழித்துப் பிரதிநிதிகள் சபை அவருடைய நடத்தையைக் கண்டித்து 240க்கு 179 என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேற்றியது. அவருடைய கட்சிக்காரர்களில் ஏழு பேர் மட்டுமே அதை ஆதரித்தார்கள்.

இவ்வளவும் தலைப்புச் செய்திகளாயின. ஆனால் கவனிக்க வேண்டியது தேர்தல் நிதிக் கணக்கில் நடந்தது. சில நாட்களுக்குள் வில்சனுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை குவிந்தது. அவரை எதிர்த்து நிற்க இருந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கும் அதே நாட்களில் பத்து லட்சம் டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. மறு ஆண்டுத் தேர்தலில் வில்சன் மீண்டும் வென்றார்.

அமெரிக்க அரசியல் விவாதத்தில் நாகரிகம் தேய்ந்துவிட்டது என்ற புலம்பலை அந்நாட்டில் எல்லாரும் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பலில் பாதி தவறு என்பதே என் கருத்து. வசை அங்கே புதிதாக நுழைந்த ஒன்றல்ல. குடியரசு பிறந்த காலத்திலிருந்து கூடவே வருகிறது. புதிதாக வந்திருப்பது அதற்குக் கிடைக்கும் வெகுமதி. முன்பெல்லாம் வாய் தவறியவன் ஏதாவது ஒரு விலை கொடுத்தான், பெரும்பாலும் தன் சொந்தக் கட்சிக்காரர்களிடம். இன்று அவனுக்கே விலை கொடுக்கப்படுகிறது. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதைப் பார்க்கப் பழைய காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1798 ஜனவரியில், காங்கிரஸ் பிலடெல்பியாவில் கூடிக்கொண்டிருந்த காலம். வெர்மான்ட் உறுப்பினர் மேத்யூ லயன், கனெக்டிகட் உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வால்டின் முகத்தில் அவைக்குள்ளேயே காறி உமிழ்ந்தார். இரண்டு வாரம் கழித்து கிரிஸ்வால்ட் கைத்தடியால் லயனைத் தாக்க, லயன் கணப்பு அடுப்பின் இடுக்கியை எடுத்துத் திருப்பி அடித்தார். அதே ஆண்டு அதிபர் ஜான் ஆடம்ஸின் அரசு ராஜதுரோகச் சட்டம் கொண்டுவந்தது. அரசை இழிவுபடுத்தி எழுதினால் சிறை. அச்சட்டத்தின்கீழ் நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றவர்களில் லயனும் ஒருவர். சிறையில் இருந்தபடியே மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1804இல் துணை அதிபர் ஆரன் பர், முன்னாள் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டனைத் துப்பாக்கி இருவர்ச்சண்டையில் சுட்டார். ஹாமில்டன் மறுநாள் இறந்தார். 1838இல் மேய்ன் மாநிலத்தின் ஜோனதன் சில்லி என்ற காங்கிரஸ் உறுப்பினரைக் கென்டக்கியைச் சேர்ந்த இன்னொரு உறுப்பினர் இதே மாதிரியான சண்டையில் கொன்றார். 1850இல் செனட் அவைக்குள் மிசிசிப்பியின் ஹென்றி ஃபுட், மிசௌரியின் தாமஸ் பென்டனை நோக்கிக் கைத்துப்பாக்கியை உருவினார். வரலாற்றாசிரியர் ஜோஆன் ஃப்ரீமன் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 1830 முதல் 1860 வரை காங்கிரஸ் உறுப்பினர்களிடையே எழுபதுக்கும் மேற்பட்ட வன்முறை நிகழ்வுகளைத் தேடித் தொகுத்திருக்கிறார்.

இவற்றுள் மிகக் கொடியதும், நம் கேள்விக்கு மிக நெருக்கமானதும் 1856 மே மாதம் நடந்தது. மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர், கன்சாஸ் பகுதியில் அடிமை முறையைப் புகுத்தும் முயற்சியைக் கண்டித்து இரண்டு நாள் பேசினார். அந்தப் பேச்சில் அடிமை முறையைப் பற்றி அவர் சொன்ன கடும் சொற்கள் அனைத்தும் உண்மை. ஆனால் தென் கரோலினா செனட்டர் ஆண்ட்ரூ பட்லரைப் பற்றிப் பேசும்போது, அந்த முதியவரின் பேச்சுக் குறைபாட்டையும் அவர் கேலி செய்தார். பட்லர் அன்று அவையில்கூட இல்லை. இரண்டு நாள் கழித்து, பட்லரின் உறவினரான பிரெஸ்டன் புரூக்ஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினர், செனட் அவையில் தன் மேசையில் எழுதிக்கொண்டிருந்த சம்னரைக் கைத்தடி உடையும்வரை தலையில் அடித்தார். சம்னர் பழையபடி அவைப் பணிக்குத் திரும்ப மூன்று ஆண்டுக்கு மேல் ஆயிற்று. புரூக்ஸை நீக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக 121 வாக்கு, எதிராக 95. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டதால் அது தோற்றது. நீதிமன்றம் 300 டாலர் அபராதம் விதித்தது. தானாகவே பதவி விலகிய புரூக்ஸை அவருடைய தொகுதி மக்கள் உடனே திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். தென் மாநிலங்களிலிருந்து அவருக்குப் புதிய கைத்தடிகள் பரிசாக வந்தன.

ஆக, வசைக்கும் அடிக்கும் வெகுமதி கொடுத்த காலம் முன்பும் ஒருமுறை இருந்திருக்கிறது. அது ஐந்தே ஆண்டில் உள்நாட்டுப் போரில் போய் முடிந்தது. கைத்தடியால் போர் வந்தது என்று நான் சொல்லவில்லை; போருக்குக் காரணம் அடிமை முறை. ஆனால் எதிர்த்தரப்பின் தலையை உடைத்தவனைத் தன் தரப்பு கொண்டாடத் தொடங்கும் நாளில், ஒரே அவையில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்ள இரு தரப்புக்கும் எதுவும் மிச்சமில்லை என்பது தெளிவாகிவிடுகிறது.

இங்கே ஒரு தடையைத் தாண்டியாக வேண்டும். நாகரிகம் நாகரிகம் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் நல்ல நோக்கத்தோடு பேசுவதில்லை. 1836 முதல் 1844 வரை பிரதிநிதிகள் சபை ஒரு விதியைக் கடைப்பிடித்தது: அடிமை முறைக்கு எதிராக மக்கள் அனுப்பும் எந்த மனுவையும் படிக்காமல், விவாதிக்காமல் ஒதுக்கிவிடுவது. அவையின் அமைதியையும் நாட்டின் மன நிம்மதியையும் காப்பதற்கு என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் எட்டு ஆண்டுகள் அந்த விதியை ஒவ்வொரு நாளும் மீறிப் பேசிப் பேசியே உடைத்தார். அவரை அடாவடிக்காரர் என்றார்கள், அவர்மேல் கண்டனத் தீர்மானம் கொண்டுவரப் பார்த்தார்கள். அன்று அவையில் மரியாதையாக நடந்துகொண்டவர்கள் மனிதர்களை விற்று வாங்கும் உரிமையைப் பாதுகாத்தார்கள். மரியாதையை உடைத்தவர் அறத்தின் பக்கம் நின்றார்.

1963இல் அலபாமா மாநிலத்தின் கேட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் போராளி சாட்சிக் கூண்டில் ஏறினார். வெள்ளையரான சாட்சிகளை மரியாதை அடைமொழியோடு விளித்த அரசு வழக்கறிஞர், இவரை வெறும் பெயர் சொல்லி அழைத்தார். முறையாக அழைக்கும்வரை பதில் சொல்ல மாட்டேன் என்று மறுத்ததற்காக, நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. யாரை எப்படி விளிக்கிறோம் என்பதில் எவ்வளவு அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்பதைத் தமிழ் வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவமதித்தவர் குற்றமற்றவர், மரியாதை கேட்டவர் குற்றவாளி என்று ஒரு நீதிமன்றமே சொன்ன நாடு அது. ஆகவே கறுப்பின மக்களில் பலர் நாகரிகம் பற்றிய உபதேசத்தைச் சந்தேகத்தோடு கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1902இல் தென் கரோலினாவின் இரண்டு செனட்டர்கள், டில்மனும் மெக்லாரினும், அவைக்குள்ளேயே குத்துச்சண்டை போட்டுக்கொண்டார்கள். அதன் விளைவாக, சக செனட்டர்மீது பதவிக்குத் தகாத நோக்கத்தைக் கற்பிக்கக் கூடாது என்று விதி எழுதப்பட்டது. நல்ல விதிதான். ஆனால் 2017 பிப்ரவரியில் அதே விதியைக் காட்டித்தான் செனட்டர் எலிசபெத் வாரனின் வாயை அடைத்தார்கள். அட்டர்னி ஜெனரல் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த செனட்டர் ஜெஃப் செஷன்ஸைப் பற்றி, மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா 1986இல் எழுதிய கடிதத்தை வாரன் வாசித்துக்கொண்டிருந்தார். உயர் பதவிக்கு வரப்போகிறவரின் தகுதியை ஆராய வேண்டிய நேரத்தில், அவர் சக உறுப்பினர் என்பதால் ஆராயக் கூடாது என்று 49க்கு 43 என்ற வாக்கில் முடிவாயிற்று.

எனவே மென்மையாகப் பேசுவது வேறு, முதிர்ச்சி வேறு. அரசியல் கோட்பாட்டு ஆய்வாளர் தெரேசா பேஜன் 2017இல் எழுதிய நூலில் ரோட் ஐலண்டை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸை எடுத்துக்காட்டுகிறார். வில்லியம்ஸ் குவேக்கர் சமயத்தவரை வாயார ஏசியவர். 1672இல், முதிய வயதில், நியூபோர்ட்டுக்குத் தானே படகு வலித்துச் சென்று அவர்களோடு நாட்கணக்கில் வாதாடினார். ஆனால் மாசசூசெட்ஸ் அதே குவேக்கர்களைத் தூக்கிலிட்டபோது, வில்லியம்ஸின் ரோட் ஐலண்ட் அவர்களுக்குப் புகலிடம் கொடுத்தது. உன் கருத்து நாசமாய்ப் போகட்டும், நீ இங்கேயே இரு, நாளையும் பேசுவோம் என்பதுதான் அவருடைய நிலை. எனக்கு இதுதான் சரியான அளவுகோலாகப் படுகிறது. எதிராளி இந்த நாட்டில் இருக்கவும், வென்றால் ஆளவும் உரிமை உள்ளவர் என்பதை ஏற்றுக்கொள்கிறோமா இல்லையா? சொல் எவ்வளவு காரமாக இருந்தாலும் இந்த ஏற்பு இருந்தால் அது விவாதம். ஏற்பு போய்விட்டால், தேன் தடவிய சொல்லும் விவாதம் ஆகாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கடந்த அறுபது எழுபது ஆண்டுகளின் சரிவு துல்லியமாகத் தெரிகிறது.

1950இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இரண்டு கட்சிகளுக்கும் இடையே வேறுபாடு போதவில்லை, வாக்காளர்களால் தெளிவாகத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்பதே அதன் குறை. தென் மாநில நிறவெறியர்களும் வடக்குத் தொழிற்சங்கத்தினரும் ஜனநாயகக் கட்சி என்ற ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். குடியரசுக் கட்சியில் தாராளவாதிகளுக்கும் இடம் இருந்தது. எதிர்க்கட்சியில் சிலர் நமக்கு வேண்டியவர்களாக இருந்ததால், அந்தக் கட்சியையே பகைவர் கூட்டம் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியவில்லை. அந்த இணக்கத்தின் பெரும் பகுதி கறுப்பின மக்களின் உரிமையைப் பேசாமல் விட்டதால் கிடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1964, 1965 குடிமை உரிமை, வாக்குரிமைச் சட்டங்களுக்குப் பின் கட்சிகள் கொள்கை வாரியாக, பிறகு இனம், மதம், வாழிட வாரியாகவும் பிரிந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர் ஷாந்தோ ஐயங்காரும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கேள்வியின் வரலாறு வருகிறது: உங்கள் மகனோ மகளோ எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் வருந்துவீர்களா? 1960இல் ஆம் என்றவர்கள் இரு கட்சியிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. 2010இல் குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப் பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினர். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, எதிர்க்கட்சிக்காரர்கள் மற்ற அமெரிக்கர்களைவிட ஒழுக்கம் குறைந்தவர்கள் என்று 2016இல் சொன்ன குடியரசுக் கட்சியினர் 47 சதவீதம், ஜனநாயகக் கட்சியினர் 35 சதவீதம். 2022இல் அது 72, 63 என்று ஏறிவிட்டது. நம் ஊரில் சாதியைக் கேட்டுப் பெண் கொடுப்பது போல அங்கே கட்சியைக் கேட்கும் நிலை வந்துவிட்டது.

பிரிவு தானாக வந்தது. வசை தானாக வரவில்லை, அதைத் திட்டமிட்டு வளர்த்தார்கள். 1978இல் ஜார்ஜியாவின் நியூட் கிங்ரிச் இளம் குடியரசுக் கட்சியினர் முன் பேசும்போது, நம் கட்சியின் கோளாறே உங்களைக் கடுமையாக நடந்துகொள்ளச் சொல்லிக்கொடுக்காததுதான் என்ற பொருளில் பேசினார். மறு ஆண்டு அவர் காங்கிரசுக்குள் நுழைந்தார். அதே 1979 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையின் நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியில் நேரடியாக வரத் தொடங்கின. அன்றாட அலுவல் முடிந்த பிறகு உறுப்பினர்கள் விரும்பிய பொருளில் பேசலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. கேமரா பேசுகிறவரை மட்டுமே காட்டும். கிங்ரிச்சும் நண்பர்களும் காலி நாற்காலிகளைப் பார்த்து எதிர்க்கட்சியினரின் தேசபக்தியைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கோ எதிர்க்கட்சியினர் பதில் இல்லாமல் வாயடைத்து உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது. 1984 மே மாதம் சபாநாயகர் டிப் ஓ'நீல் கேமராவைத் திருப்பிக் காலி அவையைக் காட்டச் சொன்னார். கோபத்தில் கிங்ரிச்சைப் பற்றி அவர் பேசிய பேச்சே விதிமீறல் என்று தீர்ப்பாகி, சபாநாயகர் தலைகுனிய நேர்ந்தது. கிங்ரிச்சின் பெயர் நாடு முழுக்கப் பரவியது. 1990இல் அவர் தலைமையிலிருந்த அமைப்பு தன் வேட்பாளர்களுக்கு ஒரு சொற்பட்டியல் அனுப்பியது: நம்மைப் பற்றிப் பேச நல்ல சொற்கள், எதிராளியைப் பற்றிப் பேசத் துரோகி, நோய்பிடித்தவர், ஊழல், அழுகல் போன்ற சொற்கள். நாற்பது ஆண்டுகளாகப் பிரதிநிதிகள் சபையில் சிறுபான்மையாக இருந்த கட்சி 1994இல் பெரும்பான்மை பெற்றது. கிங்ரிச் சபாநாயகர் ஆனார். வசைக்கு வாக்கு உண்டு என்று இரு கட்சிகளுமே அன்று கற்றுக்கொண்டன.

ஊடகங்களின் பங்கைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். வானொலியும் ஒளிபரப்புத் தொலைக்காட்சியும் எதிர்க்கருத்துக்கு இடம் தர வேண்டும் என்ற 1949ஆம் ஆண்டு விதி 1987இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடு முழுக்க ஒலித்தது. கேபிள் தொலைக்காட்சிக்கு அந்த விதி எப்போதுமே பொருந்தியதில்லை என்பதால், ஃபாக்ஸ் நியூசின் வரவுக்கு அதைக் காரணம் காட்டுவது சரியல்ல. தொலைக்காட்சிச் செய்தியில் வேட்பாளர் தடையின்றிப் பேசும் சராசரி நேரம் 1968இல் 43 விநாடி, 1988இல் 9 விநாடி என்று டேனியல் ஹாலின் அளந்து காட்டினார். ஒன்பது விநாடிக்குள் ஒரு கொள்கையை விளக்க முடியாது, ஒருவரை இழித்துவிடலாம். 1858இல் செனட் பதவிக்குப் போட்டியிட்ட லிங்கனும் டக்ளசும் இல்லினாயின் ஏழு ஊர்களில் ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம் வாதிட்டார்கள். அவையும் தூய விவாதங்கள் அல்ல. டக்ளஸ் நிறவெறியைக் கூச்சமில்லாமல் பயன்படுத்தினார், லிங்கனே சார்ல்ஸ்டன் ஊரில் கறுப்பினத்தவருக்குச் சமத்துவம் தருவதைத் தான் ஆதரிக்கவில்லை என்றார். ஆனால் மூன்று மணி நேரத்தில் எதிராளியின் வாதத்தைக் கேட்டே ஆகவேண்டிய கட்டாயம் இருந்தது. 2020 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் டிரம்பும் பைடனும் ஒருவரையொருவர் இடைமறித்ததில் தொண்ணூறு நிமிடமும் வீணாயிற்று. அடுத்த விவாதத்தில் ஒலிவாங்கியை அணைத்து வைக்க வேண்டி வந்தது.

டயானா மட்ஸும் பைரன் ரீவ்ஸும் செய்து 2005இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நடிகர்களை வேட்பாளர்களாக வைத்து ஒரே வாதங்களை இரண்டு விதமாகப் படம் பிடித்தார்கள்: ஒன்றில் பொறுமையாக, இன்னொன்றில் குறுக்கிட்டு, கண்ணை உருட்டி, எரிச்சலோடு. வாதத்தின் உள்ளடக்கம் மாறவே இல்லை. இரண்டாவதைப் பார்த்தவர்களுக்குக் காங்கிரஸ்மீதும் அரசியல்வாதிகள்மீதும் நம்பிக்கை குறைந்தது. அதே சமயம் அதுவே சுவாரசியமாக இருந்தது என்றும் சொன்னார்கள். சமூக ஊடகம் இந்த முரணைத் தொழிலாகவே ஆக்கிவிட்டது. ஊடகங்களும் காங்கிரஸ் உறுப்பினர்களும் போட்ட 27 லட்சம் பதிவுகளை 2021இல் ஆராய்ந்தபோது, எதிர்த்தரப்பைக் குறிக்கும் ஒவ்வொரு கூடுதல் சொல்லும் அந்தப் பதிவு பகிரப்படும் வாய்ப்பை 67 சதவீதம் உயர்த்தியது தெரிந்தது. தன் தரப்பு என்ன செய்யப்போகிறது என்று எழுதுகிறவரைவிட, எதிரியை எழுதுகிறவருக்கே கூட்டம்.

இதில் ஒரு கட்சி மட்டுமே குற்றவாளி என்று சொன்னால் அது நேர்மையாகாது. இரண்டும் சமம் என்றாலும் நேர்மையாகாது. ஹிலரி கிளிண்டன் 2016இல் டிரம்பின் ஆதரவாளர்களில் பாதிப் பேரை இழிந்தவர்கள் என்ற பொருளில் பேசினார். நான்சி பெலோசி 2020இல் அதிபரின் உரையை அனைவரும் பார்க்கக் கிழித்தார். குடியரசுக் கட்சித் தலைவர் ஒருவரைச் சுட வேண்டும் என்று தனிப்பட்ட குறுஞ்செய்தியில் எழுதியிருந்தது அம்பலமான பிறகும் ஜே ஜோன்ஸ் 2025 நவம்பரில் வர்ஜீனியாவின் அட்டர்னி ஜெனரலாகத் தேர்வானார். மன்னிப்புக் கேட்டார் என்றாலும், அவருடைய கட்சி அவரை விலகச் சொல்லவில்லை. ஆனால் ஊனமுற்றவர், எதிராளியின் மனைவி, போர்க் கைதியாக இருந்தவர் என்று யாரையும் விடாமல் இழித்துப் பேசுவதை அன்றாட வழக்கமாக்கி, அதை நாட்டின் தலைமை நாற்காலி வரை கொண்டுபோனவர் டொனால்ட் டிரம்ப்தான். 2025 செப்டம்பரில் யூட்டாவில் சுட்டுக் கொல்லப்பட்ட வலதுசாரிச் செயல்பாட்டாளர் சார்லி கிர்க்கின் நினைவுக் கூட்டத்தில், கணவரைக் கொன்றவனை மன்னிப்பதாக அவருடைய மனைவி சொன்னார். பின்னர் மேடையேறிய அதிபர், என் எதிரிகளை நான் வெறுக்கிறேன், அவர்களுக்கு நல்லது நினைப்பதில்லை என்றார். அவ்வாண்டு ஜூனில் மினசோட்டாவில் ஜனநாயகக் கட்சியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மெலிசா ஹோர்ட்மனும் அவர் கணவரும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். இத்தகைய ஆண்டில் ஒரு நாட்டின் அதிபர் சொல்லும் சொல்லா இது?

முதிர்ச்சிக்கு எடுத்துக்காட்டுகள் இல்லாமல் இல்லை, அவை பெரும்பாலும் தோற்றவர்களிடமிருந்து வந்திருக்கின்றன. 2001 ஜனவரி 6ஆம் தேதி, துணை அதிபர் என்ற முறையில் கூட்டு அமர்வுக்குத் தலைமை ஏற்றுத் தன் சொந்தத் தோல்வியை அறிவித்தார் அல் கோர். ஃபுளோரிடா வாக்குகளை ஏற்கக் கூடாது என்று அவருடைய கட்சியின் கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தபோது, செனட்டர் ஒருவரின் கையெழுத்து இல்லை என்று சொல்லி ஒவ்வொரு மறுப்பையும் அவரே தள்ளினார். சரியாக இருபது ஆண்டு கழித்து அதே நாளில், தோல்வியை ஏற்காத அதிபரின் ஆதரவாளர்கள் அந்தக் கட்டடத்துக்குள் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். 2025 ஜனவரி 6இல் அதே இருக்கையில் கமலா ஹாரிஸ் இருந்தார். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள். 2020இல் ஜார்ஜியா செனட்டர் டேவிட் பெர்டியூ அவருடைய பெயரை மேடையில் வேண்டுமென்றே குழப்பிக் குழப்பிச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். 2024இல் எதிர் வேட்பாளரே அவர் கறுப்பினத்தவரா என்ற கேள்வியைக் கிளப்பினார். இவ்வளவையும் கேட்ட ஹாரிஸ் அன்று எண்ணிக்கையை வாசித்தார், எதிராளி வென்றார் என்று அறிவித்தார், இறங்கிப் போனார். அரை மணி நேரம்தான் ஆயிற்று.

இனி, விலையின் கதை. கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரில் ஆதாரமின்றிப் பலரைத் துரோகிகளாக்கிய செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியை எதிர்த்து, அவருடைய கட்சியைச் சேர்ந்த மார்கரெட் சேஸ் ஸ்மித் 1950 ஜூன் 1ஆம் தேதி செனட்டில் கால் மணி நேரம் பேசினார். பயம், அறியாமை, வெறி, அவதூறு ஆகியவற்றின்மேல் ஏறித் தன் கட்சி வெற்றிபெறுவதைக் காண விரும்பவில்லை என்பதே அதன் சாரம். ஆறு செனட்டர்கள் மட்டும் உடன் கையெழுத்திட்டார்கள். மெக்கார்த்தி அவர்களைக் கேலி செய்தார். தான் இருந்த விசாரணைத் துணைக்குழுவிலிருந்து ஸ்மித்தை நீக்கினார். 1954 டிசம்பரில் செனட் 67க்கு 22 என்ற வாக்கில் மெக்கார்த்தியைக் கண்டித்தபோது, குடியரசுக் கட்சியினர் சரிபாதியாக, 22க்கு 22 என்று பிரிந்தார்கள். சொந்தக் கட்சியில் பாதி கைவிட்டது. அவருடைய அரசியல் அத்தோடு முடிந்தது. வில்சன் விவகாரத்தில் ஏழு பேர், 2025 மார்ச்சில் டிரம்பின் உரையைக் கத்திக் குலைத்த ஜனநாயகக் கட்சியின் ஆல் கிரீனைக் கண்டித்தபோது அவருடைய கட்சியில் பத்துப் பேர். பாதியிலிருந்து விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டோம்.

காரணம் எளிது. பெரும்பாலான தொகுதிகள் ஏதோ ஒரு கட்சிக்கு நிச்சயமானவை. எல்லைக் கோட்டை வளைத்து வரைந்ததாலும், ஒத்த கருத்துள்ளவர்கள் ஒரே இடத்தில் குடியேறியதாலும் அப்படி ஆயிற்று. அங்கே நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில்தான் பதவி தீர்மானமாகிறது. அதில் வாக்களிக்க வருகிறவர்கள் கட்சியின் தீவிரமான சிறு பகுதியினர். தன் தரப்பின் வாய்த்துடுக்கைக் கண்டித்தால் அடுத்த பிரைமரியில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒவ்வோர் உறுப்பினருக்கும் தெரியும். 2021இல் டிரம்பைப் பதவி நீக்க வாக்களித்த குடியரசுக் கட்சியின் பத்து உறுப்பினர்களில் நான்கு பேர் மறுபடி போட்டியிடவில்லை, நான்கு பேர் பிரைமரியில் தோற்றார்கள், இருவர் தப்பினார்கள். தோற்றவர்களுள் வயோமிங்கின் லிஸ் செய்னி கட்சியின் மூன்றாம் நிலைத் தலைவராக இருந்தவர். 2022 ஆகஸ்டில் ஏறத்தாழ 37 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தப்பட்டார்.

இதை மாற்றும் முயற்சிகள் சிறிய அளவில் நடக்கின்றன. 2019 முதல் நான்கு ஆண்டு இயங்கிய காங்கிரஸ் நவீனமயக் குழுவில் இரு கட்சியினரையும் எதிரெதிரே உட்காரவைக்காமல் மாறி மாறிப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்; சாட்சிகளோடு வட்டமாக அமர்ந்து பேசினார்கள்; இரு நூறு பரிந்துரைகளை இரு கட்சி ஒப்புதலோடு கொடுத்தார்கள். அலாஸ்காவில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே முதற்சுற்றில் நின்று, எல்லா வாக்காளர்களும் வாக்களிக்கும் முறை வந்திருக்கிறது. டிரம்பைப் பதவி நீக்க வாக்களித்த செனட்டர் லீசா முர்கோவ்ஸ்கி 2022இல் அங்கே வென்றார் என்பதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். மேடைப் பேச்சுக்கு ஒழுக்க விதி எழுதுவதால் எதுவும் ஆகாது, ஒலிவாங்கியை அணைத்தாலும் ஆகாது. யார் வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது மாறினால்தான் பேச்சு மாறும்.

மெக்கார்த்தி தன்னை எதிர்த்த ஸ்மித்தைத் தோற்கடிக்க 1954 ஜூனில் மேய்ன் மாநில பிரைமரியில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவு கொடுத்து நிறுத்தினார். அந்த மாநிலத்தின் குடியரசுக் கட்சி வாக்காளர்கள் ஸ்மித்துக்கு ஐந்து வாக்குப் போட்டால் அவருக்கு ஒன்று போட்டார்கள். ஸ்மித் 1973 ஜனவரி வரை செனட்டில் இருந்தார்.